இரண்டேகால் மைலில் ஒரு மாடு

1954 ஜனவரி 4, திங்கள்

தலைமையாசிரியை எஸ்தர் அம்மாள் ஆளுக்கொரு டைரி கொடுத்திருக்கிறார். அன்றன்று நடத்திய பாடத்தை இதில் எழுத வேண்டுமாம். நான்காம் வகுப்புக்கு இன்று பின்னக் கணக்கு. யாருக்கும் புரியவில்லை. பாடத்தைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது. மீதிப் பக்கம் வீணாகப் போவானேன் என்று மற்றதையும் எழுதுகிறேன். அவர் பார்க்கக் கேட்டால் வேறு டைரி வாங்கிப் பாடத்தை மட்டும் எழுதிக் காட்டிவிடலாம்.

காலையில் கரண்ட் வண்டிக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. காரணம் பூனை. மடித்து வைத்த புடவைமேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. நல்லவேளை, வண்டி எங்கள் சந்து முனையிலேயே நின்றது. உண்மையில் அங்கே ஸ்டாப் கிடையாது. ஸ்டாப் இருநூறு கெஜம் தள்ளி, ரைஸ்மில்லுக்கு எதிரில் இருக்கிறது.

இந்த டைரி வெளியூர்க்காரர் யார் கையிலாவது சிக்கினால் தலைகால் புரியாது, ஆகையால் சொல்லிவிடுகிறேன். கொடிவலசுக்கும், என் பள்ளிக்கூடம் இருக்கிற சீரப்பாளையத்துக்கும் ஒன்பது மைல். அந்த ஒன்பது மைலுக்கும் தண்டவாளம் போட்டு, மேலே கம்பி கட்டி, மின்சாரத்தில் ஓடுகிற ஒற்றைப் பெட்டி வண்டி எங்களுடையது. மில் கம்பெனி பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. முன்னால் வண்டி ஓட்டுகிறவர், அவருக்குப் பின்னால் பெண்கள் பகுதி, அதற்கும் பின்னால் ஆண்கள் பகுதி, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பலகையின் புண்ணியத்தில்தான் நான் வேலைக்குப் போகிறேன். எனக்கு இருபத்தொன்பது வயது. ஆனாலும் பஸ்ஸில் ஆண்களோடு இடித்துக்கொண்டு போவதாக இருந்தால் வேலையே வேண்டாம் என்பது அப்பாவின் சட்டம். அப்பா நஞ்சப்பன் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் சட்டம்தான்.

தினமும் காலை ஏழரைக்கு, "கட்டை விளக்குமாறு மாதிரி அசையாம நிக்கறயே, வண்டி உனக்காக நிக்குமா?" என்று ஒரு பாட்டம் கத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, எதற்குக் குடை என்று தெரியவில்லை.

ஜனவரி 5, செவ்வாய்

தாமதம். காரணம் ஊக்கு.

ஜனவரி 7, வியாழன்

எல்லா ஸ்டாப்பிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கரண்ட் வண்டி கம்பெனியின் லைசென்ஸ் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறதாம். அதைப் புதுப்பிப்பதா, அல்லது வண்டியை நிறுத்திவிட்டு இன்னும் கூடுதல் பஸ்களுக்குப் பெர்மிட் கொடுப்பதா என்று சர்க்கார் விசாரிக்கப் போகிறது. பிப்ரவரி 13 அன்று பொது விசாரணை.

ஆசிரியைகள் அறையில் இதே பேச்சு. இந்த மோட்டார் காலத்தில் கரண்ட் வண்டி பிழைக்குமா பிழைக்காதா? தையல் டீச்சர் பிழைக்கும் என்றார். புகை இல்லை, தூசி இல்லை, குலுக்கல் இல்லை, வாந்தி இல்லை. டிரில் டீச்சர் பிழைக்காது என்றார். பஸ் இருபத்தைந்து நிமிஷத்தில் போகிறது, இது நாற்பத்தைந்து நிமிஷம். எஸ்தர் அம்மாள் வண்டி இருந்தே தீர வேண்டும், அது ஊருக்கே அழகு என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். அப்புறம் மூன்று பேரும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.

வண்டி போனால் பலகை போகும், பலகை போனால் வேலை போகும். பின்னக் கணக்கை விட்டால் எனக்கு என்ன தெரியும்?

ஜனவரி 15, வெள்ளி

மாட்டுப் பொங்கல். லீவு. வண்டி ஷெட்டில் கரண்ட் வண்டிக்கும் மாலை போட்டு, பொட்டு வைத்து, கரும்பு கட்டிப் பொங்கல் வைப்பார்கள் என்று அப்பாவோடு பார்க்கப் போனேன். மேலே கம்பியைத் தொடுகிற நீளக் கழிக்குச் சிவப்பும் பச்சையும் பூசியிருந்தார்கள். ஒற்றைக் கொம்பு மாடு என்று கண்டக்டர் கிட்டான் சிரித்தார். பெயின்ட் அடித்தவர் வண்டி ஓட்டுகிற மயில்சாமி. மூக்கில் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது, யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவரே வாழையிலையில் பொங்கல் கொண்டு வந்து கொடுத்தார். வெல்லம் அதிகம், நெய் குறைவு, அடியில் லேசாகப் பிடித்திருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 20, புதன்

தாமதம். காரணம் காப்பி ஆறவில்லை.

விசாரணை அதிகாரி வந்துவிட்டாராம். கரண்ட் வண்டியைப் பற்றி விசாரிக்கக் காரில் வந்திருக்கிறார். வண்டியில் ஏறிப் பார்ப்பாரோ என்று கிட்டான் நான்கு நாளாகச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வருகிறார். அவர் ஏறவே இல்லை. போன வருஷத்து வண்டிப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனாராம். வண்டி எங்கே எத்தனை நிமிஷம் தாமதமானது, எதனால் என்று தினமும் மயில்சாமி எழுதி வைக்கிற புத்தகம் அது.

ஜனவரி 27, புதன்

அதிகாரியின் முதல் அறிக்கையைப் பஞ்சாயத்து போர்டு ஆபீஸில் ஒட்டியிருக்கிறார்கள். ஊரே போய்ப் படித்தது. வண்டியின் பெரிய குறை மாடுகளாம். ஒரு வருஷத்தில் 212 தடவை மாடு குறுக்கே வந்து வண்டி நின்றிருக்கிறது. அதில் 171 தடவை ஒரே இடத்தில், இரண்டேகால் மைலில், காலை 7.40-க்கு. ஆகவே ஒன்பது மைலுக்கும் இரண்டு பக்கமும் வேலி போட வேண்டும். கம்பெனிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது.

இரண்டேகால் மைல் என்பது எங்கள் சந்து முனை. அப்பாவுக்கு ஒரே அவமானம். நம் சந்தில் மாடு வைத்திருப்பவர் யார் என்று வீடு வீடாக விசாரித்தார். மூன்றாம் வீட்டில் ஒரு ஆடு இருக்கிறது, அதுவும் கட்டியே கிடக்கிறது.

மாடு யாருடையதாக இருந்தாலும் அதைப் பிடித்து அடைத்துவிட்டால் வண்டி பிழைத்துவிடும் என்று ஊரில் முடிவு செய்திருக்கிறார்கள். தண்டோராவும் போட்டாயிற்று. எனக்கும் அந்த மாட்டின் மேல் கோபம் கோபமாக வருகிறது. ஒரு மாட்டால் என் வேலை போவதா?

ஜனவரி 28, வியாழன்

தாமதம். காரணம் எழுத மறந்துவிட்டது.

திரிகிற மாடுகளைப் பிடித்து அடைக்கிற மாட்டுப் பவுண்டுக்காரர் சின்னான் காலை ஏழு மணியிலிருந்து எங்கள் சந்து முனையில் கயிற்றோடு காத்திருந்தார். கூடவே நான்கு பேர் தடியோடு. நான் மூச்சிரைக்க ஓடி வந்தபோது வண்டி நின்றிருந்தது.

"இன்னும் மாடு வரலீங்க டீச்சர்," என்றார் சின்னான், வருத்தமாக.

மயில்சாமியைப் பார்த்தேன். அவர் தலைக்கு மேல் போகிற கம்பியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 30, சனி

பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய் அறிக்கையோடு வைத்திருக்கிற தேதிப் பட்டியலை வாங்கிப் படித்தேன். பின்னக் கணக்கு நடத்துகிறவளுக்குப் பட்டியலைக் கண்டால் சும்மா இருக்க முடியாது.

இரண்டேகால் மைல் மாடு சனிக்கிழமை வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வருவதில்லை. மே மாதம் முழுக்க வரவில்லை. தீபாவளி லீவில் வரவில்லை. காலாண்டுப் பரீட்சை லீவில் வரவில்லை. போன வருஷம் மாட்டுப் பொங்கலன்றுகூட வரவில்லை. ஜூலையில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை. அந்த ஐந்து நாளும் எனக்குக் காய்ச்சல்.

பட்டியலை மூடி மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன்.

பிறகு எழுதியது: போன வருஷம் பள்ளி நடந்தது 198 நாள், காய்ச்சல் நாளைத் தள்ளினால் 193. மாடு வந்தது 171 நாள். ஆக, இருபத்திரண்டு நாள் நான் சரியான நேரத்துக்குப் போயிருக்கிறேன். அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 1, திங்கள்

சாயங்காலம் சீரப்பாளையத்தில் வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. நேராக மயில்சாமியிடம் போய், நான் மாடா என்று கேட்டேன்.

அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஸ்டாப் இல்லாத இடத்தில் ஆளுக்காக வண்டியை நிறுத்தினால் அபராதம், மூன்று தடவை ஆனால் வேலையே போய்விடுமாம். மாடு வந்தால் மட்டும் கேள்வி இல்லையாம்.

"ஆளுக்கு நிறுத்துனா தப்புங்க. மாட்டுக்கு நிறுத்துனா தப்பில்லீங்க. சட்டம் அப்படி இருக்குதுங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

மற்ற 41 மாடுகளும் ஆட்கள்தானாம். தயிர்க்காரி, தபால்காரர், பிரசவத்துக்குப் போன ஒரு பெண், கோயில் பூசாரி. அத்தனை பேரும் கை காட்டினார்கள், அத்தனை பேருக்கும் நின்றார், அத்தனை பேரையும் மாடு என்று எழுதினார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்த மனிதர் உண்மையை எழுதியிருந்தால், வண்டியை விரும்புகிறவர்கள் இத்தனை பேர் என்று அதிகாரிக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்காக நின்றுவிட்டு, பொய் எழுதி வண்டியைக் கவிழ்த்துவிட்டார். விசாரணையில் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வண்டி நின்றாலும் பவர் ஹவுஸில் அவருக்கு ஒரு வேலை கொடுப்பதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறதாம். புத்தகத்தில் பொய் எழுதியது தெரிந்தால் அதுவும் போய்விடும்.

சொன்னால் வண்டி பிழைக்கலாம், என் வேலையும் பிழைக்கும், அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் பிழைப்பார். பின்னக் கணக்கு எவ்வளவோ தேவலை.

பிப்ரவரி 2, செவ்வாய்

சரியான நேரம். ரைஸ்மில் ஸ்டாப்பில் ஏறினேன்.

பிப்ரவரி 3, புதன்

சரியான நேரம்.

பிப்ரவரி 4, வியாழன்

சரியான நேரம். நான் ஸ்டாப்பில் நிற்கும்போதே வண்டி எங்கள் சந்தைத் தாண்டுகிறது. அங்கே யாரும் இல்லை. இருந்தும் மயில்சாமி காலால் மணியை மிதிக்கிறார், டிங் டிங் என்று இரண்டு தடவை. எதற்காம்?

பிப்ரவரி 8, திங்கள்

சரியான நேரம். சந்து முனையில் மாடே வராததால் சின்னானைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். அப்பா மட்டும் குடையோடு அங்கே நின்றிருந்தார், ஸ்டாப்பிலிருந்தே தெரிந்தது. வண்டி போன பிறகும் நின்றிருந்தார்.

பிப்ரவரி 13, சனி

விசாரணை. பஞ்சாயத்து மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் அதிகாரி. முன்வரிசையில் பஸ் முதலாளியின் ஆள், கம்பெனி மானேஜர். ஓரத்தில் மயில்சாமியும் கிட்டானும்.

எல்லோரும் எழுந்து எழுந்து வண்டியைப் புகழ்ந்தார்கள். எதில் வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டபோதெல்லாம் பஸ்ஸில் என்றார்கள். கடைசியில் அவர், வண்டி நல்லதுதான், ஆனால் அந்த மாட்டை என்ன செய்வது என்று கேட்டார். சின்னான் எழுந்து, தேடாத இடமில்லை, மாடு மாயமாகிவிட்டது என்றார்.

நான் பத்து நாள் யோசித்ததை எல்லாம் அந்த நொடியில் மறந்துவிட்டேன். மயில்சாமி ஓரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியதைப் பார்த்துக்கொண்டே எழுந்தேன்.

"அந்த மாடு நான்தானுங்க," என்றேன்.

மண்டபத்தில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வருஷத்தில் 171 நாள் தாமதமாக வருவானேன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பூனை, ஊக்கு, காப்பி எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. வீட்டுக் கடிகாரம் சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குடை உயர்ந்தது. அப்பா.

"கடிகாரமெல்லாம் சரியாத்தானுங்க ஓடுது. தினமும் சாவி குடுக்கறவன் நானு," என்றார். "புள்ள காப்பிய முழுசாக் குடிச்சுட்டு வரட்டும்னு நாந்தானுங்க குடையக் காட்டி வண்டிய நிறுத்தறது. மயில்சாமித் தம்பி மேல தப்பில்லீங்க."

தினமும் காலையில் என்னைப் பார்த்துக் கத்துகிற அப்பா. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை இங்கே எழுதினால் குறைந்துபோய்விட மாட்டேன்.

அதற்குப் பிறகு தயிர்க்காரி எழுந்தாள். பூசாரி எழுந்தார். தபால்காரர் எழுந்து ஒன்பது தடவை என்று கணக்குச் சொன்னார். அரை மணி நேரத்தில் 41 மாடுகளுக்கும் ஆள் கிடைத்துவிட்டது.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னதுதான் தலையில் இடி.

"மாடு என்றால் பாதி தூரத்துக்காவது வேலி போட்டு ஓட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கை காட்டுகிற இடத்தில் எல்லாம் நிற்க வேண்டும் என்கிறீர்கள். அப்படி நிற்கிற வண்டிக்குத் தண்டவாளம் எதற்கு? அதற்குப் பெயர் பஸ்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"பஸ் எங்களுக்காக நிக்குமாங்க? ரைஸ்மில் ஸ்டாப்புல நின்னவங்களையே விட்டுட்டுப் போற பஸ்ஸுங்க அது," என்றேன்.

பஸ் முதலாளியின் ஆள் தரையைப் பார்த்தார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி எடுத்து எழுதினார், எழுதியதைப் படித்தும் காட்டினார். வண்டிக்கு லைசென்ஸ் இல்லை. கூடுதல் பஸ்ஸுக்குப் பெர்மிட் உண்டு, ஆனால் மூன்று நிபந்தனை. முன் இரண்டு பெஞ்சு பெண்களுக்கு. வண்டியில் வேலை செய்தவர்கள் விரும்பினால் பஸ்ஸில் வேலை தர வேண்டும். வண்டிப் புத்தகத்தில் மாடு வந்ததாக எழுதியிருக்கிற இடங்கள் அத்தனையும் இனிமேல் பஸ் ஸ்டாப்.

பொய் எழுதியதற்கு என்ன தண்டனை என்று மானேஜர் மெதுவாகக் கேட்டார். அது கம்பெனி விஷயம், ஏப்ரலிலிருந்து வண்டியே இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி காரில் ஏறிப் போய்விட்டார். மானேஜருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பவர் ஹவுஸ் வேலை பத்திரம்.

பிப்ரவரி 14, ஞாயிறு

அப்பாவிடம் பெஞ்சைப் பற்றிப் பேசினேன். பெஞ்சு வேறு, பலகை வேறு என்றார். நேற்று மண்டபத்தில் எழுந்தவரும் இவரும் ஒரே ஆள்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் 31, புதன்

கடைசி வண்டி. இத்தனை வருஷம் பஸ்ஸில் போன ஊர் முழுக்க இன்று கரண்ட் வண்டியில் ஏறியது. தையல் டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் இப்படி ஏறியிருந்தால் போதும், எந்த மோட்டார் வந்தாலும் இந்த வண்டி ஓடியிருக்கும்.

எங்கள் சந்து முனையில் வண்டி நின்றது. நான் அப்போது வண்டிக்குள்தான் இருந்தேன். யார் ஏறுவதற்காக நின்றது என்று யாரும் கேட்கவில்லை. மயில்சாமி கொஞ்சம் நகர்ந்து, மணியை ஒரு தடவை மிதித்துப் பாருங்கள் என்றார். மிதித்தேன். நான் நினைத்ததைவிடச் சத்தம் பெரிது.

ஏப்ரல் 5, திங்கள்

வீட்டில் இருக்கிறேன். இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. ராஜினாமாவும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், எஸ்தர் அம்மாள் கையால் தொடவில்லை. லீவு முடியட்டும், பார்க்கலாம் என்றார். போக வர மாட்டு வண்டி, கூடவே அப்பா.

கிட்டான் பஸ்ஸில் கண்டக்டராகிவிட்டார். மயில்சாமி பவர் ஹவுஸ் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பஸ் ஓட்டப் பழகுகிறாராம். உட்கார்ந்த இடத்தில் கிடைக்கிற வேலையை விட்டுவிட்டு ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 9, வெள்ளி

மயில்சாமி டிரைவிங் பரீட்சையில் தோற்றுவிட்டார். கிட்டான் வந்து சொன்னார். வளைவு வந்ததும் வண்டி தானாகத் திரும்பும் என்று காத்திருந்தாராம். நேராகப் போய் வைக்கோல் போரில் நின்றதாம். பதினேழு வருஷமாகத் தண்டவாளம் திருப்பிக் கொடுத்த கை.

நான் சிரிக்கவில்லை. கிட்டான் போன பிறகு சிரித்தேன்.

ஏப்ரல் 13, செவ்வாய்

மறுபடி பரீட்சை. வளைவில் திரும்பினாராம். நேர் ரோட்டிலும் திரும்பினாராம்.

ஏப்ரல் 17, சனி

செய்தி எதுவும் இல்லை. நாளை மறுநாள் லீவு முடிகிறது.

ஏப்ரல் 19, திங்கள்

பழக்க தோஷம், ஏழரைக்கெல்லாம் தலை பின்னிப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தேன். ராஜினாமாக் கடிதம் பையில் இருந்தது. அப்பா வெளியே போய் இரட்டை மாட்டு வண்டி பிடித்து வருவதாகச் சொல்லியிருந்தார். கொடுத்துவிட்டு வந்தால் முடிந்தது.

ஏழு நாற்பதுக்குச் சந்து முனையில் ஹார்ன் சத்தம். இரண்டு தடவை. யாராக இருக்கும் என்று அப்பா எட்டிப் பார்க்கப் போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், காப்பித் தம்ளரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"நம்ம மயில்சாமிதான் ஓட்டறது," என்றார்.

மறுபடி ஹார்ன்.

"போ சாமி, நேரமாச்சு."

"பலகை இல்லீங்களேப்பா," என்றேன்.

"பலகை எதுக்கு? அவன்தான் முன்னால உக்காந்திருக்கறானில்ல," என்றார் அப்பா. குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். "நீ காப்பியக் குடிச்சுட்டு வா. நான் நிறுத்தி வெக்கறேன்."

காப்பியை முழுதாகக் குடித்தேன். கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நான் சந்து முனைக்குப் போனபோது அப்பா பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் குடையோடு நின்றிருந்தார். உள்ளே இருந்தவர்கள் ஏன் வண்டி போகவில்லை என்று சத்தம் போட்டார்கள். மயில்சாமி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே பதில் சொன்னார்.

"மாடு குறுக்கால வருதுங்க."

முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான்காம் வகுப்புக்கு இன்று பின்னக் கணக்குத் திருப்புதல். பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது.

தாமதம் நான்கு நிமிஷம். காரணம் மாடு.